பால்ரஸ் உருண்ட மூலை

"அம்மணி, சீமை லேத்தும் டேப்பர் அடிக்குது."

சென்னியப்பன் இதைச் சொன்னபோது துளசிமணி தன் பட்டறை லேத்தில் பம்ப்பு ஷாப்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசு. பழைய நாட்டு லேத்து எப்படிக் கோணலா வெட்டுச்சோ, அதே கோணல்."

அவள் மிஷினை நிறுத்தினாள்.

சென்னியப்பன் கரண்டு ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் பேனா பிடித்தவர். ரிட்டயர் ஆன பிறகுதான் இரும்பு மேல் ஆசை வந்தது. துளசிமணிக்கு அவர் மகள் வயசுதான். ஆனாலும் லேத்து முன்னால் அவள் குரு, அவர் சிஷ்யன். ரெண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

பொழுதுபோக்குக்கு லேத்து வைத்திருக்கிறவர்களுக்குப் போனில் ஒரு குரூப்பு உண்டு. அதில் ரெண்டு கட்சி.

"நாட்டு லேத்துல கடைஞ்சா கம்பி வராது, கேரட்டுதான் வரும்" என்று ஒருத்தர் எழுதுவார்.

"கொழம்புக்கு மட்டும் நாட்டுக்கோழி, கடையறதுக்குச் சீமையா?" என்று இன்னொருத்தர் கேட்பார்.

நாலு வருஷத்துக்கு முந்தி சென்னியப்பன் அந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து இவளிடம் கேட்டார். "எதுங்க அம்மணி ஒசத்தி?"

அவள் குதிகாலால் தரையை ரெண்டு தட்டு தட்டினாள். அவ்வளவுதான்.

நம்ம மண்ணுதான் ஒசத்தி என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பட்டறைக்காரி வேறென்ன சொல்லுவாள் என்று குரூப்பில் எழுதிச் சிரிக்கவும் சிரித்தார்.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சீமைக்காரனும் கோணல் மிஷினைத்தான் என்ற தலையில கட்டிட்டான்னு சொல்லுங்க. போதும்."

"அதைச் சொல்லி என்னாகுதுங்க சார்?"



அந்த நாட்டு லேத்தைச் செய்தவன் அவர் தம்பி குழந்தைவேலு. பவுண்டரியில் வேலை. அண்ணன் ஆசைப்பட்டார் என்று தன் கையாலேயே பெட்டு என்கிற அடிச்சட்டத்தை வார்த்து, ராவி, பூட்டிக் கொடுத்தான். அண்ணன் ஷெட்டில் நிறுத்தினால் டேப்பர். சொந்தத்தில் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் நூறு பேர் பார்க்க, அண்ணன் சொன்னார்: "உன்ற லேத்தும் உன்னைய மாதிரியே கோணல்டா."

தம்பி பாதிச் சோற்றில் இலையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதற்கப்புறம் அண்ணன் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. போன ஐப்பசியில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தான். அண்ணன் போய் வாய்க்கரிசி போட்டார்.

"அவன் லேத்து கோணல்ங்கறது நெசமா இருக்கோணும் அம்மணி. அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

துளசிமணி டப்பாவைத் துழாவிச் சின்னதாக ஒரு பால்ரஸ் குண்டு எடுத்தாள்.

"போலாங்க" என்றாள்.

அவர் வீட்டு ஷெட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாக ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. அதை உருவி அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே சீமை லேத்து புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பால்ரஸைத் தரையில் வைத்தாள்.

அது கொஞ்சம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. மிஷின் காலுக்கு நடுவே புகுந்து, வேகம் எடுத்து, ஈசானி மூலையில் போய் 'டிங்' என்று முட்டி நின்றது.

"அந்த மூலையில முன்ன என்னங்க இருந்துச்சு?"

"கெணறு."

"மூடிட்டீங்களா?"

"பாகம் பிரிச்சதுல எனக்கு வந்துச்சு. மூடித்தான் ஷெட்டு போட்டேன். கெணத்து மேல வேண்டாண்ணான்னு தம்பி சொன்னான். எடத்து மேல கண்ணு வெச்சுப் பேசறான்னு நெனச்சேன்."

அவர் அந்த மூலைப் பக்கம் போனார்.

"சின்னதுல ரெண்டு பேரும் அதுக்குள்ள தலைய நீட்டிக் கூப்புடுவோம். நான் அவன் பேரை. அவன் என்ற பேரை. கெணறு திருப்பிச் சொல்லும்."

"மூடுன மண்ணு எறங்கிட்டேதானுங்க இருக்கும். எறங்கற தரையில போல்ட்டுப் போட்டு முறுக்குனா, எந்த ஊரு பெட்டும் முறுக்கிக்கும்."

அவர் அவள் குதிகாலைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தட்டுனீங்களே."

"ஆமாங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே அம்மணி."

"எது ஒசத்தின்னுதானுங்க கேட்டீங்க. கோணல் எங்கன்னு கேக்கலீங்களே."

வெளியே யாரோ சைக்கிளில் உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். 

"சரி, தரை கோணல்தான். ஒத்துக்கறேன். ஆனா அவன் லேத்துலயும் கொஞ்சம் இருந்திருக்கலாமில்ல? பாதி தரை, பாதி அவன். அப்படி இருக்கக் கூடாதா?"

"நல்ல தரையில அதை நிறுத்திப் பார்த்தாத் தெரிஞ்சிருமுங்க."

"எடைக்குப் போட்டுட்டேன். சம்மட்டியில ஒடைச்சுத்தான் வண்டியில ஏத்துனாங்க."

அவள் கையிலிருந்த தாழ்ப்பாள் கம்பியை முந்தானையால் துடைத்தாள். துருவுக்குக் கீழே பளபளப்பு தெரிந்தது. முனையில் 'கு' என்று உளியால் வெட்டியிருந்தது.

"இது ஏதுங்க?"

"மிஷினைக் கொண்டாந்த அன்னைக்கு அவன் குடுத்தது. பவுண்டரியில வெச்சு இந்த லேத்துலயே கடைஞ்சதுண்ணா, அளந்து பாருன்னான்."

"பார்த்தீங்களா?"

"கதவுக்குச் சரியா இருந்துச்சு."

அவள் அலமாரியிலிருந்து அவருடைய மைக்ரோமீட்டரை எடுத்து நீட்டினாள்.

துரு ஏறாத இடமாகப் பார்த்து ஒரு முனையை அளந்தார். நடுவில் அளந்தார். அடுத்த முனையை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் முனைக்கே திரும்பி வந்தார்.

முடி இழை வித்தியாசம்கூட இல்லை.

கம்பியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"இதை நான் இப்ப யாருகிட்டப் போயிச் சொல்லுவேன், அம்மணி?"

துளசிமணி ஈசானி மூலைக்குப் போய்க் குனிந்து பால்ரஸைப் பொறுக்கினாள். அந்த இடத்தில் காலை வைக்காமல் தள்ளி நின்றாள்.

"திருப்பிச் சொல்லற கெணத்தையும் மூடிட்டீங்களேங்க."