முதல் டேக்

"ஒருத்தரோட ஞாபகத்தையே கெடுத்துட்டேன், மேடம். சரிபண்ண வழி இருக்கா?"

நீலமேகம் வந்ததும் வராததுமாக வாசற்படியில் நின்றே கேட்டுவிட்டான்.

பெனடிக்டா மேடம் ஒலிப்பதிவாளர். திரைப்படக் கல்லூரியில் அவன் காதைத் தீட்டிவிட்டவரே அவர்தான்.

"முதல்ல செருப்பைக் கழற்று" என்றார்.

கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

போரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்திருந்தான். டிவியில் வந்தது. ஆஹா ஓஹோ என்று கொண்டாடினார்கள். அதில் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஏகாம்பரம், ஓய்வுபெற்றவர், தன் கூட்டாளி மாசிலாமணி மலைமேல் குண்டடிபட்டுச் செத்ததைச் சொல்வார். 'என்னைப் பார்க்காதே, நீ மேல போடா'ன்னான், அதுதான் அவன் கடைசிப் பேச்சு என்பார். அந்த இடத்தில் அழாதவர்கள் இல்லை.

"அது மூணாவது டேக், மேடம். முதல் டேக்ல அடுப்படியில குக்கர் கத்திடுச்சு. ரெண்டாவதுல தடுமாறினார். 'கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொல்லுங்க ஐயா'ன்னேன். பட்டாளத்துக்காரர் இல்லையா, சொன்னபடி செஞ்சார்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"நேத்து போன் பண்ணினார். 'சாப்பிட்டியா தம்பி'ன்னு கேட்டார். அப்புறம், 'ஞாயித்துக்கிழமை மாசிலாமணி பொண்ணு வருது. அப்பா நிஜமாவே அப்படித்தான் சொன்னாரான்னு கேட்கும். எனக்கு இப்ப எது நிஜம்னு தெரியலப்பா. முதல்ல உங்கிட்ட வேற மாதிரி சொன்னேனே, அதைப் போட்டுக் காட்டு'ன்னார். சாதாரணமாத்தான் கேட்டார், மேடம். ரேஷன் கடை என்னிக்குத் திறக்கும்னு கேட்கிற மாதிரி."

"போட்டுக் காட்டேன்."

"அழிச்சுட்டேன். கெட்டுப்போன டேக்தானேன்னு..."

மேடம் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

"ஃபேன் சத்தம். மறுபடி சொல்லு, போன்ல என்ன சொன்னார்?"

நீலமேகம் திருதிருவென்று விழித்தான். ஆனாலும் சொன்னான். பாதியில் மேடம் கையை உயர்த்தினார்.

"'சாப்பிட்டியா' வேண்டாம், இழுக்குது. பொண்ணு வர்றதிலிருந்து ஆரம்பி. கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொல்லு."

மூன்றாவது தடவை நன்றாகவே சொன்னான்.

"'தம்பி'ன்னார். அப்புறம் பேச்சே வரல. 'அவன் பொண்ணு முகத்துல எப்படிப்பா முழிப்பேன்?'னார். குரல் உடைஞ்சுபோச்சு, மேடம்."

"பிரமாதம். அழுதாரா?"

"தேம்பித் தேம்பி..."

வாய் அப்படியே நின்றது. அட பாவி மனுஷா! இப்போதுதானே ரேஷன் கடை என்றாய்?

"இல்ல மேடம். அழல... அழுதாரோ? சத்தியமா இப்ப எனக்கே..."

முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அடுத்தவர் தலையில் தான் என்ன செய்துவைத்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பாவம் மேடம், அந்தப் பொண்ணு கேட்டா அவர் என்ன சொல்வார்? இருபது வருஷமா பத்திரமா வச்சிருந்தார். நான் போய்க் கெடுத்தேனே!"

அழுதான். மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"டேக் போனா போகுது. அன்னிக்கு அவர் எதிர்ல உட்கார்ந்திருந்தது யாரு?"

"நான்தான்."

"பக்கத்துலயா?"

"முழங்கால் இடிக்கிற தூரம்."

"அப்புறம் என்ன? நீயே போய் அவருக்கு எடுத்துச் சொல்லு. முதல் தடவை என்ன சொன்னாருன்னு."

நீலமேகத்தின் முகம் ஒரு கணம் தெளிந்தது. ஆமாம், இது ஏன் தோன்றாமல் போயிற்று? கண்ணை மூடிக்கொண்டான்.

ஏகாம்பரம் தெரிந்தார். சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக் தெரிந்தது. மடியில் கோத்த கை தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"கேட்குதா?" என்றார் மேடம்.

"கேட்குது."

"என்ன?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"குக்கர், மேடம்."