காலணிகளை வெளியே விடவும்

சூசைநாதன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் சட்டம் படித்தவர். அவருடைய சீனியர் வக்கீல் திலகவதி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அந்த அம்மாவைக் கண்டால் மனுஷன் விறைப்பாகத்தான் நிற்பார்.

மறுநாள் அவர் முதன்முதலாகத் தனியாக வாதாட வேண்டும். கட்சிக்காரர் பேச்சிமுத்துவின் தெருவுக்கு மட்டும் குடிதண்ணீர்க் குழாய் வரவில்லை, அதுதான் வழக்கு. அரசியல் சாசனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் சூசைநாதனுக்குக் குழப்பம் தீரவில்லை.

"மேடம், உயிருக்குப் பாதுகாப்புன்னு இருக்கு. தண்ணின்னு எங்கயும் இல்லையே. எழுதாததை எப்படிப் படிக்கிறது?"

பேச்சிமுத்துவை வரச் சொன்னேனே, எங்கே என்று கேட்டார் திலகவதி.

வெளியே நிற்கிறார் என்றார் சூசைநாதன். காலணிகளை வெளியே விடவும் என்று ஆபீஸ் வாசலில் பலகை தொங்குகிறது. பேச்சிமுத்துவுக்கு வலது கால் செயற்கைக் கால். ஷூவும் அதோடு சேர்ந்ததுதான். கழற்றினால் காலையே கழற்ற வேண்டும். உத்தரவு உத்தரவுதான் என்று அந்த மனிதரை வெயிலில் காய விட்டிருந்தார் நம் சுபேதார்.

திலகவதி எழுந்து போனார். ஒரு துணியை எடுத்து, வாசலில் குனிந்து, பேச்சிமுத்துவின் ஷூவைத் துடைத்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். தரையெல்லாம் வழக்குக் கட்டுகள் பரப்பிக் கிடந்தன.

"இதுல சேறு படக் கூடாதுன்னுதான் என் சீனியர் அந்தப் பலகையை மாட்டினார்."

சூசைநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கேள்வியை அவர் விடுகிற ஆளில்லை. சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தவர், வேண்டுமென்றே பூட்ஸோடு உள்ளே நுழைந்து நின்றார்.

"மழையும் இல்ல, சேறும் இல்ல மேடம். மாட்டின காரணம்தான் முக்கியம்னா நானும் இப்படி வரலாமே. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னா அப்புறம் பலகை எதுக்கு? நாளைக்கு ஜட்ஜ் இதைத்தான் கேப்பார்."

திலகவதிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப் போனது. பேனாவை மூடி வைத்தார்.

"கேக்கணும். கேக்காட்டி அவர் ஜட்ஜே இல்ல. காலையில நான் அந்தப் பலகையைப் படிச்சது வெளிய நின்னவருக்காக. இப்ப நீங்க யாருக்காகப் படிச்சீங்க, சூசை சார்?"

சூசைநாதன் வாசலுக்குத் திரும்பிப் போய், குனிந்து, பூட்ஸ் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.