போதும் என்றால் எத்தனை கரண்டி?

கல்யாண வீட்டில் சம்பந்திக்குக் கோபம் வர ஒரு கரண்டி பாயசம் போதாதா? அன்றைக்குப் பாயசம் பரிமாறியது ஒரு ரோபோ. மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் இலைமேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார். ரோபோ உடனே அடுத்த இலைக்குப் போய்விட்டது.

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். "சம்பந்தியை இப்படியா அவமானப்படுத்துறது? இந்த மிஷின் எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கணும். இல்லேன்னா என் பையனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்!"

பெண்ணின் அப்பா தணிகைவேல் பதறிப்போய் அவர் காலில் விழப் போனார். இலை எடுக்கும் பூவாயி குறுக்கே வந்தாள். ரோபோவைப் பழக்கியதும் அவள்தான்.

"தப்பு எம்மேலதாங்க ஐயா. மனுஷங்க சொல்றதை அப்படியே நம்புன்னு பழக்கிட்டேன். இப்பவே மாத்திடறேன். போதும்னு சொன்னா எத்தனை கரண்டி ஊத்தணும்னு ஐயாவே சொல்லிடுங்க."

பந்தியே சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"ரெண்டு" என்றார் ஏகாம்பரம், மெல்ல.

எழுந்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். பூவாயி அதை ரோபோவுக்குச் சொல்லிவைத்தாள். ஏகாம்பரம் தணிகைவேலின் கையைப் பிடித்து, "நீங்களும் உட்காருங்க சம்பந்தி" என்று பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.

தணிகைவேலுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பாயசத்தோடு வந்த ரோபோவிடம், "எனக்குப் போதும்ப்பா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றார்.

அது ஒரு கணம் நின்றது. பிறகு அவர் இலையில் இரண்டு கரண்டி ஊற்றியது.