நாக்கு இல்லாத மணி

மாதம் மும்மாரி பெய்ததாகச் சொல்லிக்கொள்வார்களே, அந்தக் காலத்தில் மாடபுரி நாட்டைச் சித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் நினைத்தது மாலையில் நினைவிருக்காது. அப்படிப்பட்டவனிடம் அகப்பட்ட ஜனங்களின் பாடு கேட்கவே வேண்டாம்.

ஊருக்கு ஊர் சந்தை முனையில் ஒரு மணி கட்டியிருந்தான். குறை உள்ளவர் கயிற்றை இழுத்தால் காவலன் கேட்டு அரண்மனைக்குச் சொல்லவேண்டும்.

ஒருநாள் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "என் நாட்டில் எந்த ஊர்க்காரர்கள் அதிக சந்தோஷமாக இருக்கிறார்கள்?"

மந்திரி நல்லசிவம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சபையில் இருந்த வல்லபராயர் எழுந்துவிட்டார். மந்திரி பதவிமேல் கண் வைத்து வயிறெரிந்துகொண்டிருந்த மனிதர்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது மகாராஜா? மணி எங்கே அடிக்கவில்லையோ அங்கேதான் சந்தோஷம். நம் தலைநகரத்து மணி ஓய்வதே இல்லை. பக்கத்து வீட்டுச் சேவல் சீக்கிரம் கூவுகிறதாம், பூக்காரி ஒரு முழம் குறைத்துவிட்டாளாம். உவர்க்காடு என்கிற ஊரின் மணியோ மூன்று வருஷமாக வாயே திறக்கவில்லை."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"அதனால் ஒரு யோசனை," என்றார் வல்லபராயர். "நம் அரண்மனை அல்லிக்குளத்துக்காக மூன்று வருஷத்துக்கு முன்பு உவர்க்காட்டுக்குத் தண்ணீர் போகும் மதகைப் பாதி அடைத்தோம். அவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. மீதியையும் அடைத்துவிட்டால் மகாராணியாருக்கு ஓடமே விடலாம்."

"அப்படியே செய்யுங்கள்," என்றான் ராஜா.

மந்திரிக்கு விஷயம் தெரியும். அந்த மீதித் தண்ணீரில்தான் உவர்க்காட்டுக் கிணறு ஊறுகிறது. வேண்டாம் என்றால் ராஜா முறுக்கிக்கொள்வான். அதனால் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"வல்லபராயர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவ்வளவு சந்தோஷமான ஊரை மகாராஜா போய்ப் பார்க்கவேண்டாமா? அந்த மணியைத் தங்கள் கையாலேயே அடித்து வாழ்த்திவிட்டு மதகை அடைக்கலாம். அதைக் கண்டுபிடித்த வல்லபராயருக்கு அங்கேயே ஒரு வீடும் கொடுக்கலாம்."

"மகாராஜாவின் பாதத்தை விட்டு எப்படிப் போவேன்?" என்று இழுத்தார் வல்லபராயர்.

"சந்தோஷம் என்றால் யாராவது பின்வாங்குவார்களா?" என்றான் ராஜா. மறுநாளே கிளம்பிவிட்டார்கள்.

உவர்க்காடு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மணி தொங்கியது, கயிற்றைக் காணவில்லை. கிணற்றடியில் அங்கம்மை என்றொருத்தி காலி வாளியோடு நின்றாள்.

"மணிக் கயிறு எங்கே அம்மா?" என்றான் ராஜா.

"கிணத்துக்குள்ள கெடக்கு சாமி. தண்ணி கீழ போகப் போக எங்க கயிறு எட்டல. மணிக் கயித்தை அவுத்து முடிஞ்சோம். இன்னைக்கு அதுவும் எட்டல."

"மகாராஜாவின் கயிற்றைத் திருடிவிட்டு அதை வேறு சொல்கிறாயா?" என்று வல்லபராயர் பாய்ந்தார். "தண்ணீர் இல்லையென்றால் மணியடித்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னா கயிறு வேணும். கயித்தை அவுத்துட்டா அன்னைக்கு வீட்டுல குடிக்கத் தண்ணி இருக்காது. ஐயா வீட்டுல என்ன செய்வீங்க?"

வல்லபராயர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ராஜாவுக்கோ நாக்கு வறண்டுவிட்டது. "முதலில் குடிக்கத் தண்ணீர் கொடு," என்றான்.

மந்திரி சாவதானமாகத் திரும்பினார். "வல்லபராயரே, உங்கள் பட்டு மேல்வேட்டி நல்ல நீளம்."

மேல்வேட்டியைக் கயிற்றோடு முடிந்தார்கள். எட்டவில்லை. தலைப்பாகையையும் அவிழ்த்து முடிந்த பிறகுதான் வாளி அடியைத் தட்டியது. அங்கம்மை அந்தக் கலங்கலை முந்தானையில் வடிகட்டி நீட்டினாள். ராஜா ஒரு வாய் குடித்தான். உப்புக் கரித்தது. துப்பப் போனவன், சுற்றி நின்றவர்கள் அந்த ஒரு வாய்த் தண்ணீரையே பார்ப்பதைக் கண்டு விழுங்கிவிட்டான்.

"வல்லபராயரே, நீர் சொன்ன சந்தோஷத்தை நீரே அனுபவியும். இந்த ஊர் மணி அடிக்கும்வரை இங்கேதான் இருக்கவேண்டும்," என்றான். தன் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"மதகு, மகாராஜா?" என்றார் மந்திரி.

"முழுக்க அடைக்கவேண்டாம்."

"பாதி அடைத்ததைத் திறந்துவிட்டால்..."

"அல்லி வாடிப்போகுமே," என்றான் ராஜா. "மணிக்கு நல்ல கயிறாக ஒன்று அனுப்பிவையுங்கள்."

சிவப்பு நூல் முறுக்கிய புதுக் கயிறு வந்தது. ஜனங்கள் கும்பிட்டு வாங்கினார்கள். மணியடித்து ஊர் திரும்பிவிடலாம் என்று வல்லபராயர் முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். அதற்குள் அங்கம்மை அதைக் கிணற்றுக் கயிற்றோடு முடிந்துவிட்டாள். அவரும் வாளிக்காகக் காத்து நின்றார். அவருக்கும் அன்று காலையிலிருந்து தாகம்.

அடுத்த வருஷம் சபையில் ராஜா மறுபடியும் கேட்டான், "உவர்க்காட்டு மணி அடித்ததா?"

"இல்லை மகாராஜா," என்றார் மந்திரி.

"பார்த்தீரா, கயிறு கொடுத்த பிறகும் அடிக்கவில்லை," என்று ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "இப்போது நிஜமாகவே சந்தோஷமாகிவிட்டார்கள்."

சபையே சிரித்தது. மந்திரி கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார்.