மாசிலாமணியின் பரண்

குரு உமையம்மையின் மடத்தில் விளக்கைக்கூடக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் ஏற்றுவார்கள். விட்டில் பூச்சி விழுந்து செத்துவிடக் கூடாதே என்ற கவலை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆவுடையப்பன் ஒரு வேட்டைப் புத்தகத்தை வேட்டிக்குள் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்திருந்தார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். வந்த முதல் நாளே தியானத்தில் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கொசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் இமைகூட அசைக்கவில்லை.

"யாருகிட்ட பழகுனீங்க?" என்று உமையம்மை கேட்டார்.

"தானா வந்ததும்மா" என்று மழுப்பினார்.

இப்போது விடிந்தால் தீட்சை. முந்தின நாள் மாலையில், தன்னால் விட முடியாத ஒரு பொருளைச் சீடர் கொண்டுவந்து வைக்க வேண்டும். குரு அதை ஓடையில் விட்டுவிடுவார். முன்பு ஒருவர் மோதிரம் வைத்திருக்கிறார், ஒருவர் பொடி டப்பா. ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தை வைத்துத் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

புத்தகத்தைக் குருவின் முன் வைத்தார். அட்டையில் தொப்பிக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு நின்றார். எழுதியவர் மலையடிப்பட்டி மாசிலாமணி.

"வேட்டைக் கதையா?"

"ஆமாம்மா. பள்ளிக்கூடத்து நாள்லருந்து இவரைத்தான் வாசிக்கேன். வீட்டுக்காரி போன பெறகு ராத்திரி துணைக்கு இருந்தது இவர்தான். இது தெரிஞ்சா தீட்சை தர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"கொஞ்சம் வாசிங்க. நானும் கேக்கேன்."

ஆவுடையப்பன் புத்தகத்தைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தேன். காற்று எதிரிலிருந்து வந்தது. கீழே சருகு நொறுங்கியது. புலி அல்ல, காட்டுக்கோழி. சருகில் கோழியையும் புலியையும் பிரித்துக் கேட்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. புருவத்தில் கொசு உட்கார்ந்தது. சாப்பிட்டுப் போகட்டும் என்று விட்டேன்."

உமையம்மை சிரித்துவிட்டார். "அடிக்கலையா?"

"அடிப்பாரா? கை அசைஞ்சா காட்டுக்கே தெரிஞ்சிரும்லா?" ஆவுடையப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கால் மரத்துப் போவுமாம், அப்பவும் அசைய மாட்டாராம். மூச்சு விடுற சத்தம் தனக்கே கேக்கக் கூடாதாம். நானும் சின்ன வயசுல மொட்டை மாடியில அப்படியே உக்காந்து பாத்திருக்கேன். அணில் வந்து தோள்ல ஏறிடுச்சு!"

சொல்லிவிட்டு, எந்த இடத்தில் எதைப் பேசுகிறோம் என்று வெட்கப்பட்டு நிறுத்தினார்.

"சுடுற எடத்தை வாசிங்க."

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். திறந்தார். வரவில்லை. புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார்.

"அது மனப்பாடம் இல்லையா?"

"இல்லம்மா. அந்தப் பக்கத்தை வேகமாத் தள்ளிருவேன்." கடைசியில் கண்டுபிடித்து வாசித்தார். "சுட்டேன். விழுந்தது. காடு பேசவில்லை. நானும் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை."

உமையம்மை ஓடைப் பக்கம் திரும்பினார். ஆவுடையப்பனுக்கு ஒரே கவலை. புத்தகம் போகுமா, தீட்சை போகுமா?

"நாளைக்குச் சொல்ல வேண்டிய குரு வரிசையைச் சொல்லுங்க" என்றார் குரு.

மடத்தை நிறுவியவர் தொடங்கி உமையம்மை வரைக்கும் எல்லாப் பெயர்களையும் ஆவுடையப்பன் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னார்.

"ஒரு பேரை விட்டுட்டீங்க."

"எல்லாரையும் சொல்லிட்டேனேம்மா!"

"முதல் பேரு இல்லையே." உமையம்மை புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். "உங்களை அசையாம உக்கார வச்சவர் பேரு."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவர் கொன்னவராச்சேம்மா."

"அதுக்கு அவர் பதில் சொல்லிக்கிடட்டும். கத்துக்கிட்டதுக்கு நீங்க சொல்லுங்க."

ஆவுடையப்பன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கழித்துத்தான் வழக்கம் நினைவுக்கு வந்தது.

"அப்போ ஓடையில எதம்மா விடுறது?"

"வந்த அன்னைக்கு 'தானா வந்தது'ன்னு சொன்னீங்கள்லா" என்றார் உமையம்மை. "அதை விடுங்க."