கொதிக்கும் சட்டியில் பச்சைத் தண்ணீர்

"தம்பி இன்னைக்கு வர்றான். வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன். அவன் திரும்பிப் போற வரைக்கும் இங்கே இருந்துக்கட்டுமா?" என்று அங்கமுத்து கேட்டார்.

சாமியம்மா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கை கழுவிட்டு வாங்கண்ணே" என்றார்.

மலேசியாவின் தைப்பிங்கில் கடைவரிசையின் கடைசி வீடு அந்தச் சீனப் புத்தர் கோயில். சாமியம்மா சீனத்தி, அங்குள்ள பிக்குணி. தலையை மழித்தவர். சாம்பல் நிற அங்கி. பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்தில், தமிழர் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில். அதனால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வயதில் அங்கமுத்துவைவிட இளையவர். ஆனாலும் அங்கமுத்து அவரிடம்தான் மனக்குறை சொல்ல வருவார்.

குறை எப்போதும் ஒன்றுதான்.

தம்பி வையாபுரி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஜொகூரிலிருந்து இந்த ஊருக்கு வந்தான். மாமியார் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வைத்தான். அடுத்த தெருவில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணனுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கையில் கொடுத்தனுப்பினான்.

தப்பு தம்பி மேல்தான். அதில் சந்தேகமில்லை.

அங்கமுத்து ஜொகூருக்கே போய்க் கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினான். அங்கமுத்து அதை வாங்கித் தரையில் கவிழ்த்தார்.

"இனி உன் வீட்டுப் பச்சைத் தண்ணி என் பல்லுல படாது."

கல்யாணப் பெண்ணுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நேத்து போன் பண்ணான்" என்றார் அங்கமுத்து. "மத்தியானம் வர்றேன், கதவு திறந்திருந்தா உள்ளே வர்றேன், பூட்டியிருந்தா திரும்பிடுறேன், இனி அவ்வளவு தூரம் வர என் முழங்கால் ஒத்துக்காதுன்னான். மிரட்டுறான் பாருங்க."

"இஞ்சியைத் தட்டுங்க."

அங்கமுத்து இஞ்சி தட்டினார். முட்டைக்கோஸ், காளான், பிசைந்த தௌஃபூ என்கிற சோயாக்கட்டி. அதில் மிளகுத்தூள், சோயாக் கிச்சாப், கொஞ்சம் நல்லெண்ணெய்.

"வெங்காயம்?"

"கோயில்ல கிடையாது."

"அப்புறம் என்ன ருசி இருக்கும்?"

"சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

மாவுத்தோல் கடையில் வாங்கியது. வட்ட வட்டமாக அடுக்கியிருந்தது. நடுவில் பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, மடித்து அழுத்த வேண்டும். சீனர்கள் இதைச் சுய்காவ் என்பார்கள். மீ என்கிற நூடுல்ஸ் சூப்பில் போட்டுச் சாப்பிடுவார்கள்.

அங்கமுத்து பூரணத்தை அள்ளி வைத்தார். ஓரத்தை விரலால் சுருட்டிச் சுருட்டி மடித்தார்.

சாமியம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது பிள்ளையாருக்கு இல்லண்ணே. நாம சாப்பிடறதுக்கு."

சட்டியில் தண்ணீர் கொதித்தது. அங்கமுத்து முதல் ஈட்டைப் போட்டார். நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. சுய்காவ் குதித்தன. இரண்டு வெடித்தன. முட்டைக்கோஸ் தனியாக நீந்தியது.

சாமியம்மா வெடிக்காத ஒன்றை எடுத்துப் பிட்டு நீட்டினார். தோல் குழைந்திருந்தது. உள்ளே இஞ்சி பச்சையாகக் கிடந்தது.

"அடுப்பு ஜாஸ்தி" என்றார் அங்கமுத்து. குறைக்கக் கை நீட்டினார்.

சாமியம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடுப்பு எரியட்டும்."

இரண்டாவது ஈடு அவரே போட்டார். நுரை மேலே வந்தது. ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரை எடுத்துச் சட்டியில் ஊற்றினார். நுரை அடங்கியது. மறுபடி வந்தது. மறுபடி ஊற்றினார்.

"கொதிக்கிறதுல பச்சைத் தண்ணி ஊத்துனா கொதி அடங்கிடாதா?"

"அடுப்பு எரியுதே. திரும்ப வரும்."

"திரும்ப வரும்னா எதுக்கு ஊத்தணும்?"

"அதுக்குள்ள உள்ளே வெந்துடும்."

அங்கமுத்து ஒன்றை வாயில் போட்டார். ஊதி ஊதி மென்றார். சூடு.

"வெங்காயம் போட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

சாமியம்மா மிச்சத் தோல்களில் பூரணம் வைத்து வேகமாக மடித்தார். மாவு தூவிய டப்பாவில் வேகவைக்காமல் அடுக்கினார். மீ தனிப் பொட்டலம், சூப்பு தனி டப்பா.

"கொண்டு போங்க. வேகவச்சு எடுத்துட்டுப் போனா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். வீட்டுல போட்டுக்குங்க."

"வீடு பூட்டியிருக்கே."

"சாவி எங்கே?"

"சட்டைப்பையில."

சாமியம்மா கத்தியைக் கழுவினார்.

"ஒரு ஆளுக்கு இது ஜாஸ்திம்மா."

"ஆமா."

"நீங்க மனசுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"மத்தியானம் கோயில் கதவைச் சாத்திடுவோம்ணே" என்றார் சாமியம்மா.

அங்கமுத்து மோட்டார் சைக்கிளில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனார். அது தூரமான வழி. போய்ச் சேர்வதற்குள் தம்பி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டார்.

வையாபுரி வாசலில் சாக்கடைத் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. கையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். முடி முழுக்க நரைத்திருந்தது.

"பூட்டியிருந்தா திரும்பிடுவேன்னு சொன்னே" என்றார் அங்கமுத்து.

"பஸ் இன்னும் வரல."

"வெயில்லயா உட்காருவாங்க?"

"நிழலைத்தான் பூட்டி வச்சிருக்கியே அண்ணே."

அங்கமுத்து பூட்டைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் தண்ணீர் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வையாபுரி சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றார்.

"சீனன் சாப்பாடா?"

"ஏன், இதுவும் உன் மாமியார் வீட்டுல போட்டாத்தான் இறங்குமா?"

வையாபுரி கதவு நிலையில் சாய்ந்தார்.

"அன்னைக்கு அவங்க சாப்பிடச் சொல்லிப் பிடிச்சு வச்சுட்டாங்க. இருட்டிடுச்சு. கடைசி பஸ்ஸை விட்டுடுவேன்னு உன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கொடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து, சோத்துக்கு உட்கார்ந்துட்டேன்னு சொல்றே."

"வேற பொய் எதாவது சொல்லணுமா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ தம்ளரைக் கவிழ்த்துட்டே. என் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். தண்ணி அவர் கால்ல ஓடுச்சு. அதை நீ ஒருநாளாவது நினைச்சியா?"

தண்ணீர் கொதித்தது. அங்கமுத்து சுய்காவைப் போட்டார். வேகமாகப் போட்டதில் கையில் தெறித்தது.

"என்னை வாசல்ல நிக்கவச்ச மாதிரி ஆள்கிட்ட பத்திரிகை கொடுத்தனுப்பினவன் நீ. கணக்கு என்கிட்ட கேக்குறியா?"

"தப்பு என் மேலதான். நான் இல்லேன்னு சொன்னேனா? ஆனா தம்ளரைக் கவிழ்த்தது நீ."

"கவிழ்த்தேன். இன்னொரு தடவை நீட்டினா இன்னொரு தடவை..."

"அண்ணே, பொங்குது."

நுரை விளிம்புக்கு வந்திருந்தது. உள்ளே சுய்காவ் ஒன்றையொன்று முட்டின.

"அடுப்பைக் குறை" என்றார் வையாபுரி.

"குறைக்கக் கூடாது."

அங்கமுத்து சட்டியைப் பார்த்தார். குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குவளையும் அதன் கீழேயே இருந்தது.

அவர் திரும்பினார்.

"அந்தப் போத்தல்ல தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"ஊத்து."

வையாபுரி நகரவில்லை.

"இது என் வீட்டுல பிடிச்சதுண்ணே."

"ஊத்துடா" என்றார் அங்கமுத்து. "தோல் வெடிக்கப்போகுது."