துக்க வீட்டுக் கஞ்சி

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஆற்றூர் நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்ட காலம். கொடியவன் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் யார் யாரை வாழ்த்தினாலும் அது தனக்கு வரவேண்டிய வாழ்த்து என்று நினைப்பவன், அவ்வளவுதான்.

அம்மை பரவி வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த வருஷம். களஞ்சிய அதிகாரி ஏகம்பருக்கு மந்திரி அம்பலவாணர்மேல் வெகுநாள் பொறாமை. சனங்கள் மந்திரியைப் புகழும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் ராஜாவின் காதருகே குனிந்தார். “பசித்தவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான், மகாராஜா. அரண்மனைக் கதவை யாரும் தட்டுவதில்லை.”

மறுநாளே முரசு அறைந்தார்கள். நெருப்போ சோறோ, அண்டை வீட்டுக்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது. வேண்டியவர்கள் களஞ்சியத்தில் வந்து கேட்கட்டும். மீறினால் கொடுத்த கை வெட்டப்படும்.

சுவருக்கு மேலே கைமாறிய உறைமோர் நின்றது. அதை வாங்க வருகிறவர்களின் பேச்சும் நின்றது. அந்தி நேரத் தெருவில் நடந்த அம்பலவாணருக்கு, சாவைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

சட்டத்துக்கு இரை கிடைக்கவும் நாளாகவில்லை. ஆவுடை என்கிற நெசவுக்காரி பிடிபட்டாள். அடுத்த வீட்டு மாடத்தியின் புருஷன் செத்துப்போக, அங்கே கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள்.

“சாவு வீட்டுல அடுப்பெரிக்க மாட்டாங்க சாமி,” என்றாள் சபையில். “பக்கத்துல இருக்கறவ கொண்டு போகலைன்னா யாரு கொண்டு போவா?”

ராஜா தீர்ப்பை மாற்றவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவள் வலக்கை போகும். மந்திரி எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். “உமக்கு இளகிய மனசு,” என்று ஏகம்பர் சிரித்தார்.

கை போகவேண்டிய அந்த மறுநாள் விடியலில் ராஜாவின் தாய் அம்மையில் இறந்துபோனாள். அம்பலவாணர் முதலில் செய்த காரியம், அரண்மனை அடுப்புகள் அத்தனையிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னதுதான். வழக்கம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானே என்றார். அடுப்புகள் அணைந்தன.

சிதை எரிந்து அடங்கி ராஜா திரும்பியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. “யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லையா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அரண்மனையின் தெற்குச் சுவரை அடுத்து ஏகம்பர் வீடு,” என்றார் மந்திரி. “அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. கொண்டுவரச் சொல்லட்டுமா?”

ஏகம்பர் தம் வலக்கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். “சட்டம் இருக்கிறதே, மகாராஜா...”

“களஞ்சியத்தில் கேட்கலாம் என்றுதானே சட்டம்?” என்றான் ராஜா.

“கேட்கலாம்,” என்றார் மந்திரி. “தங்களிடம் தாங்களே கேட்க வேண்டும். மலைபோல அரிசி இருக்கிறது. வேகவைக்கத்தான் நெருப்பில்லை.”

அம்பலவாணர் திட்டமிட்டது அதுவரைக்கும்தான். அதற்குமேல் நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை.

சிறைக் காவலன் ஒரு மண்சட்டியோடு வந்து நின்றான். சிறை அரண்மனையின் பின்சுவரை ஒட்டியிருந்தது. யாரோ சட்டத்தை மீறி வெளியிலிருந்து ஆவுடைக்குக் கொண்டுவந்த கஞ்சி அது. அவள் குடிக்காமல் கொடுத்தனுப்பியிருந்தாள்.

“என்ன சொன்னாள்?” என்றான் ராஜா.

“‘சாவு வீடு, வெறும் வயித்தோட இருக்கக் கூடாது. கை எப்படியும் போகப்போறதுதானே’ன்னு சொன்னாங்க மகாராஜா.”

ராஜா சட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். பாதி குடித்ததும் தோள் குலுங்கியது. தாயின் சிதையருகே வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அன்றே சட்டம் போயிற்று. ஆவுடை இரண்டு கையோடும் வீடு திரும்பினாள். களஞ்சியத்தின் சாவி அவளிடம் போயிற்று. சாவு விழுந்த வீட்டுக்கெல்லாம் கஞ்சி சுமக்கும் வேலை ஏகம்பருக்கு. அந்த வருஷம் அவருக்கு ஓய்வே இல்லை.

மழைக்கு முன்பு அம்மை அவர் வீட்டுக்கும் வந்தது. மனைவியை எரித்துவிட்டு வந்து அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்தார். துக்கம் கேட்கப் போன அம்பலவாணர் அருகே உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று எண்ணிய ஏகம்பர் வாசல் பக்கமே பார்க்கவில்லை.

வாசலில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

“சூடா இருக்கு, அய்யா,” என்றாள் ஆவுடை. “ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க.”